காய்ச்சல் மருந்து: "எத்தனை மி.லி.?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு

திருப்பூரில் குழந்தை மருத்துவம் பார்ப்பவருக்குத் திங்கட்கிழமைக் காலை என்பது எட்டரை மணி ஷிப்டுக்கு முன்பு முடித்தாக வேண்டிய வேலை. பனியன் கம்பெனிக்குப் போகும் தாய்மார்கள் ஒரு குழந்தையை இடுப்பிலும், ஒன்றைக் கையிலும், சீருடை அணிந்த மூத்ததை முன்னாலும் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றிருப்பார்கள். லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. அப்படி ஒரு திங்கட்கிழமை, செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய், இரண்டரை வயதான தன் நடுப்பிள்ளையைக் கொண்டுவந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் குழந்தை விடாமல் வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றார். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டதும் துணிப்பையிலிருந்து மேசைமேல் எடுத்து வைத்தவை மூன்று காலிப் பாட்டில்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்து, பாட்டிலுக்குப் பதினைந்து மி.லி. மூன்றும் தீர்ந்தது இரண்டே நாளில்.

நடந்தது இதுதான். முந்தைய வாரம் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான்தான் "அஞ்சு மி.லி. கொடுங்கள்" என்று சிரப் எழுதிக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு நடுப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது சிரப் தீர்ந்திருந்தது. மருந்துக்கடையில் போய்ச் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வேண்டும் என்று கேட்க, சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்த, சொட்டு மருந்தை அளந்து ஊற்றும் ஃபில்லர் முதல் நாளே எங்கோ உருண்டுபோக, பழைய சிரப்பின் அளவு மூடியில் அதே ஐந்து மி.லி. ஊற்றப்பட்டது. காலையில் தாய், மதியமும் மாலையும் பாட்டி, இரவில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த தந்தை. ஆளுக்கு ஒரு வேளை, அல்லது இரண்டு.

அந்தக் குழந்தையின் எடை 12 கிலோ. ஒரு கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் ஒரு வேளைக்குக் கிடைத்திருக்க வேண்டியது 180 மி.கி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும் சொட்டு மருந்தில் ஐந்து மி.லி. ஊற்றியதால் கிடைத்ததோ 500 மி.கி. ஒரு நாள் முழுவதற்குமான உச்ச வரம்பை, ஒரு கிலோவுக்கு 60 மி.கி. என்று வைத்தால், 720 மி.கி. அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் போனது நாளொன்றுக்கு 2,000 மி.கி. ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பு தெரிந்ததால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். முறிமருந்து ஏற்றிய பிறகு தேறி வீடு திரும்பிவிட்டது. ஆனால் இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக நான் அனுப்பி வைத்த நான்காவது குழந்தை இது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"ரெண்டும் ஒரே மருந்துதானுங்களே, அதுவும் சொட்டு மருந்து, பச்சக் கொழந்தைக்கே கொடுக்கறதாச்சே" என்று அந்தப் பாட்டி கேட்டார். இந்த ஒரு நினைப்பைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு. சொட்டு மருந்து என்றால் வீரியம் குறைந்தது என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியவில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லா வீட்டிலும் அது வேரூன்றியிருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. கைக்குழந்தை நிறைய விழுங்காது, கொடுத்ததில் பாதியைத் துப்பிவிடும் என்பதால், சிறிய அளவிலேயே வேண்டிய மருந்து இருக்கும்படி அதைச் செறிவாகத் தயாரிக்கிறார்கள். வீட்டுக் கணக்கில் சொன்னால், சிரப் என்பது பால் கலந்த காபி. சொட்டு மருந்து என்பது முதல் டிகாக்‌ஷன். டம்ளர் நிறையக் காபி குடிப்பவர் அதே டம்ளர் நிறைய டிகாக்‌ஷன் குடிப்பாரா?

எண்களிலும் பாருங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யில் 100 மி.கி. பாரசிட்டமால் இருக்கிறது. சிரப்பில் ஒரு வகையில் ஐந்து மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.; இன்னொரு வகையில் அதே ஐந்து மி.லி.க்கு 250 மி.கி. ஆகவே அதே 12 கிலோ குழந்தைக்கு, அதே 180 மி.கி. கொடுக்க முதல் வகை சிரப்பில் ஏழு மி.லி.க்குச் சற்று மேல் வேண்டும், இரண்டாம் வகையில் ஏறக்குறைய மூன்றரை மி.லி. போதும், சொட்டு மருந்தில் இரண்டு மி.லி.கூடத் தேவையில்லை. பாட்டிலைப் பார்க்காமல் "எத்தனை மி.லி.?" என்று என்னிடம் தொலைபேசியில் கேட்பவர்களிடம் நான் ஏன் எரிந்து விழுகிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். போதாக்குறைக்கு, மருந்து கொடுக்கும் பாட்டிக்கு வாசிக்க முடியாத ஆங்கிலத்தில், அவர் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில்தான் இந்த விவரம் பாட்டில்மேல் அச்சாகியிருக்கிறது. இதைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்களும் போதுமான அளவு கத்தவில்லை. "அஞ்சு மி.லி." என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பிய என் பங்கும் இதில் உண்டு.

அன்று என்னைக் கூடுதலாகச் சங்கடப்படுத்தியது வேறொன்று. "இவ வீட்டுல இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமுங்களா டாக்டர்?" என்று மாமியார் எல்லார் முன்னாலும் கேட்க, அந்தப் பெண் தலை குனிந்து பாட்டில்களைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு வந்த சளி மற்ற இருவரையும் சுற்றாமல் அடங்காது. ஒரு சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்னும்போது, அந்த வீட்டில் ஏறக்குறைய எல்லா மாதமும் யாராவது ஒருவர் மருந்து குடித்துக்கொண்டுதான் இருப்பார். தாய் வேலைக்குப் போவதால் சளி வருவதில்லை. மருந்து தவறியதும் அவர் வெளியே போனதால் அல்ல. பல கைகள் கொடுத்த மருந்தை ஒருவரும் எழுதி வைக்காததால். மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் தந்துவிட்டு மூன்றாவதற்கு 12 வாரத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்த மூன்றாம் மாதத்திலேயே மெஷின்களுக்கு நடுவே திரும்பியவரிடம் மேற்கொண்டு எதைக் கேட்பது?

ஆகவே தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். மருத்துவரிடம் மி.கி., மி.லி. இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அலுத்துக்கொண்டால் மறுபடியும் கேளுங்கள். மருந்துக்கடையில் வேறு பாட்டில் தந்தால் "இதில் எவ்வளவு மி.கி.?" என்று கேட்காமல் படியிறங்காதீர்கள். சமையலறைக் கரண்டியும், வேறொரு மருந்தின் மூடியும் அளவுகோல் அல்ல. ஊசியில்லாத ஐந்து மி.லி. சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதில் ஊற்றிக் கொடுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரின் அன்றைய தாளில் பிள்ளையின் பெயரின் முதலெழுத்தையும் மருந்து கொடுத்த நேரத்தையும் பேனாவால் குறியுங்கள். எழுதத் தெரியாத பாட்டி ஒரு கோடு போட்டால்கூடப் போதும். கோடு இருந்தால் அடுத்தவர் கேட்டுவிட்டுக் கொடுப்பார்.

அக்காவுக்குக் கரைத்த ஆன்டிபயாட்டிக் பொடிமருந்தின் மிச்சத்தைத் தம்பிக்கு என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; கரைத்த மருந்துக்கு ஆயுள் பெரும்பாலும் ஏழு நாள்தான். சளி சிரப்புகள் பலவற்றில் பாரசிட்டமாலும் கலந்தே இருக்கும், எனவே காய்ச்சல் மருந்தோடு அதையும் சேர்த்துக் கொடுப்பது ஒரே மருந்தை இருமுறை கொடுப்பதாகிவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகவே பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றி எட்டு மணிக்குப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் வழக்கத்தைப் பற்றி நான் திட்டப் போவதில்லை. கூலி போகும் என்ற பயம் எனக்கும் தெரியும். ஆனால் மதியம் பள்ளியில் மறுபடி சுடும்போது, காலையில் எப்போது கொடுத்தது என்பது ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அளவு கூடிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், குழந்தை ஓடியாடி விளையாடுகிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். முதல் நாளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரேயடியாக அதிகம் குடித்துவிட்ட குழந்தைக்கு எட்டு மணி நேரத்துக்குள் முறிமருந்து கிடைத்தால்தான் அது முழுப் பலன் தரும். வாந்தி வரட்டும், கண் மஞ்சளாகட்டும் என்று காத்திராமல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கும் வீட்டு வைத்தியத்தில் இறங்காமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியில் ஏறியோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலியாக இருந்தாலும் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து வாருங்கள். அந்தத் தாய் மூன்றையும் பத்திரமாகப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்ததால்தான், கணக்குப் போட எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.