ஸ்டார்ட் ஆகி நின்றுபோகும் வண்டி: முதலில் அந்த ஸ்க்ரூவிலிருந்து கையை எடுங்கள்

ஜூன் மழை இறங்கியதும் குமரி மாவட்டத்து பைக் ஒர்க்‌ஷாப்புகளில் ஒரே பல்லவிதான். "ஸ்டார்ட்டு ஆவுது ஆசானே, ஆனா ஒடனே நின்னு போயிருது." வண்டியைப் பார்த்தால் புது பிளக், புது பிளக் கேப், சிலதில் புது காயில், ஏன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரே புதிதாக இருக்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி கிளாசில் வடித்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கிடக்கும். மாற்றிய பொருளில் ஒன்றுகூட பழுதாகியிருக்காது. போதாக்குறைக்கு ஐடிலிங் ஸ்க்ரூவை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற திருகை, முட்டுகிறவரை திருகி வைத்திருப்பார்கள்.

கெடுதலில் பாதி அந்த ஸ்க்ரூவில்தான் தொடங்குகிறது. "ஐடிலிங் கம்மியா இருக்கு, கொஞ்சம் ஏத்தி வச்சா நிக்காது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார், பங்கில் காற்றடிக்கிற தம்பியும் சொல்வான். ஐடிலிங் ஸ்க்ரூ எந்தப் பழுதையும் சரிசெய்யாது. ஆக்சிலேட்டரை நீங்கள் லேசாக முறுக்கிப் பிடித்தால் என்ன நடக்குமோ அதையேதான் அது செய்கிறது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கும்போது அதை ஏற்றினால் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் கதவு) சற்றுத் தூக்கி நிற்கும், மெயின் ஜெட் ஊசி வழியாகப் பெட்ரோல் வரும், இன்ஜினும் ஓடும். ஓடுகிறதே என்று நீங்கள் போய்விடுவீர்கள். அடைப்பு உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும். டேங்கில் தண்ணீர் இருந்தால் அதுவும் அங்கேயே இருந்து துருவை வளர்க்கும்.

100 முதல் 150 சிசி வரையான வண்டிகளில் பெரும்பாலும், நன்றாகச் சூடான இன்ஜின் ஐடிலிங்கில் 1400 ஆர்பிஎம்மை (நிமிஷத்துக்கு 1400 சுற்று) ஒட்டி ஓட வேண்டும். அதை 2000க்கு ஏற்றிவிட்டால் ஃபர்ஸ்ட் கியர் போடும்போது டக்கென்று முட்டும். நாகர்கோவில் வேப்பமூடு சிக்னலில் நின்றால் வண்டி முன்னால் தள்ளும். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு போய்த் திரும்பி இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுசாக விட்டாலும் இன்ஜின் வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக் ஷூவின் தலையில் விழும். பிறகு ஒருநாள் யாராவது ஜெட்டைச் சுத்தம் செய்தால் வண்டி நின்ற இடத்தில் அலறும். அப்போது "நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டாங்க" என்ற பழி கிளீன் செய்தவருக்கு.

இதைவிட மோசம், பக்கத்தில் இருக்கும், காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை வைக்கிற மிக்ஸர் ஸ்க்ரூவையும் சேர்த்துத் திருகுவது. அது ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் காற்றுக்கானது, வெளியே திருப்பினால் பெட்ரோல் பங்கு குறையும். இன்ஜின் பக்கமாக இருந்தால் பெட்ரோலுக்கானது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் தொடவே கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் இருக்கும். இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும், அதற்குப் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலும், கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். அவற்றின் த்ராட்டில் பாடியில் பெயின்ட் புள்ளி வைத்து ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கம்பெனியில் அளவு பார்த்து வைத்தது அது. ஸ்க்ரூடிரைவரோடு அதன் கிட்டேகூடப் போகாதீர்கள்.

சரி, எங்கே பார்ப்பது? ஸ்டார்ட் ஆகிறது என்றாலே கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் அழுத்தம்) ஸ்பார்க்கும் (பிளக்கின் தீப்பொறி) ஓரளவு இருக்கின்றன. பிளக் வாங்க ஓடுவதற்கு முன், வண்டி எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்று கவனியுங்கள். ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "அது… கொஞ்ச நேரம்" என்கிறார்கள். ஐந்து வினாடியா, ஒரு நிமிஷமா, இருபது நிமிஷமா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

சில வினாடிகளிலேயே நின்றால் குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் பங்கைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்துப் பாருங்கள். சோக்கில் ஓடி, சோக்கை விட்டதும் நிற்கிறதென்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று கள்ளத்தனமாக உள்ளே போகிறது. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தையல் ஊசி, வயர் பிரஷ் கம்பி, சைக்கிள் ஸ்போக் என்று எதையும் அதற்குள் விடாதீர்கள். பித்தளை, உடனே பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். இரண்டாவதற்கு, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள மேனிஃபோல்ட் ரப்பரை வளைத்துப் பார்த்து வெடிப்பைத் தேடுங்கள். ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள், வெடிப்பு இருந்தால் ஐடிலிங் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்; சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

சோக்கை இழுத்தபடியே விட்டு ஒரு நிமிஷத்தில் கரும்புகையோடு நிற்கிறதா? அது பழுது இல்லை. சோக்கைப் பழைய நிலைக்குத் தள்ளுங்கள்.

ஒன்றிரண்டு நிமிஷம் ஓடி, மூச்சு வாங்கி நின்றால் கிண்ணத்தில் இருந்தது தீர்ந்துவிட்டது, மேலேயிருந்து வரவில்லை என்று அர்த்தம். டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப் ஆஃபில் இருக்கிறதா, ரிசர்வுக்கு மாற்ற வேண்டுமா என்று பாருங்கள் (சிரிக்க வேண்டாம், தள்ளிக்கொண்டு வருபவர்கள் உண்டு). பிறகு கார்புரேட்டர் பக்கம் ட்யூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரை நிமிஷம் விட்டுப் பாருங்கள். சீராக வந்தால் கிண்ணத்துக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் நீடில் வால்வைச் சந்தேகியுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பிலோ ஃபில்டரிலோ துரு. முதலில் நன்றாக வந்து போகப் போகக் குறைந்தால் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பெட்ரோல் மறுபடி பாய்ந்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஐந்து பத்து நிமிஷம் ஓடி நின்று, கொஞ்சம் ஓய்வெடுத்ததும் மறுபடி ஓடுகிற பல வண்டிகளின் நோய் இதுதான். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஓடுகிற வண்டிகளில் புழுதியே போதும் இதற்கு.

இனி தண்ணீர். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழும் மழைநீர் வெளியேற ஒரு சின்னத் துளையும், அதிலிருந்து டேங்குக்குள் படாமல் தரை வரை இறங்கும் ஒரு ட்யூபும் பல வண்டிகளில் உண்டு. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்து மண்ணும் இலைத் தூளும் அந்தத் துளையை அடைத்தால் பள்ளத்தில் குளம் கட்டும். பழைய ரப்பர் வாஷரும் சாவித்துளையும் அந்தக் குளத்தை அப்படியே டேங்குக்குள் இறக்கிவிடும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை மூடியின் மேல் நேராகப் பிடித்தாலும் இதே கதிதான். மழைக்காலத்துக்கு முன் மெல்லிய நைலான் நரம்பால் அந்தத் துளையைக் குத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழே வருகிறதா என்று. இரண்டு நிமிஷ வேலை.

தண்ணீர் பெட்ரோலைவிட அடர்த்தி. டேங்கின் அடியில் தங்கி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடிக்கும் முதலில் வந்து சேரும். இப்போது பங்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே பிரியும். அப்படிப் பிரிந்த பிறகு மேலே இரண்டு லிட்டர் புதுசு ஊற்றி "கலந்து சரியாயிரும்" என்று ஓட்டுவது வீண். டேங்கைக் காலி செய்தாக வேண்டும்.

செய்யும் முறை சுலபம். மெயின் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் வண்டியை அசையாமல் விடுங்கள். கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் முத்தாக உருண்டாலோ கலங்கிய அடுக்கு தெரிந்தாலோ டேங்கிலும் இருக்கிறது. ட்யூப் வழியாக வடித்தால் மட்டும் போதாது; டேப்பின் குழாய் டேங்கின் அடிமட்டத்துக்கு மேலே நிற்பதால் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கீழே தங்கும். டேங்கை இறக்கிக் கவிழ்த்து, டேப்பைக் கழற்றி அதன் சல்லடையைக் கழுவ வேண்டும். இதையெல்லாம் வெளி முற்றத்தில், இன்ஜின் ஆறிய பிறகு, பீடியும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். வடித்ததை ஓடையில் ஊற்றாதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, லைனில் சுமார் 3 பார் அழுத்தம் நிற்கும். அந்த ட்யூபைக் கழற்றி விளையாட வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.

"பங்குலதான் தண்ணி கலந்திருக்கான்" என்பது அடுத்த ஆவேசம். நடக்காததல்ல. ஆனால் பெட்ரோல் போட்டு நாலு நாளாகி, இரவெல்லாம் மழையில் நின்ற வண்டிக்கு அந்தப் புகார் நிற்காது. போட்ட சற்று நேரத்திலேயே நின்றால் பில்லையும், வடித்த பெட்ரோலில் ஒரு பாட்டிலையும் வைத்துக்கொண்டு பங்குக்குப் போங்கள். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவிய கம்பியை இறக்கிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இருபது நிமிஷம் நன்றாக ஓடி, சூட்டில் நின்று, அரைமணி ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டி வேறு சாதி. நின்ற அந்த நிமிஷமே ஸ்பார்க் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கழற்றிய பிளக்கின் உடலை இன்ஜின் ஹெட்டில் நன்றாக ஒட்டி வைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் இக்னிஷன் காயில், பல்சர் காயில், சிடிஐ என்று ஸ்பார்க்கை உண்டாக்கும் பாகங்களை வரிசையாகப் பார்த்துப் போகலாம். ஸ்பார்க் இருந்தும் கிக்கர் லேசாக இறங்கினால் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, இறுகியிருக்கும். சத்தம் போடாத வால்வு நல்ல வால்வு என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். குளிர்ந்த இன்ஜினில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள். காது வைத்து வேண்டாம்.

நியூட்ரலில் ஓடி, கியர் போட்டதும் நிற்கிறதா? ஸ்டாண்ட் இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை நிறுத்தும் சைடு ஸ்டாண்ட் சுவிட்சைப் பாருங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் கடல்மணலும் உப்பும் சேர்ந்து அதன் கனெக்டர் பச்சை பூத்துக் கிடக்கும். கிளச் ஒட்டிப் பிடித்தாலும் இப்படி நிற்கும். லீவர் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் டேங்குக்குள் இரண்டு மூன்று வினாடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாமல் மினுக்கினால் அதை வீடியோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பல வண்டிகளில் நீண்ட மினுக்கலும் குறு மினுக்கலும் பழுதின் எண்ணைச் சொல்லும். பேட்டரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

மழைவெள்ளத்தில் குழித்துறை சப்பாத்து (ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போகும் பாதை) மாதிரி இடங்களில் இறக்கி நின்றுபோன வண்டியை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், கைகூப்பிக் கேட்கிறோம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். கார்புரேட்டர் வண்டியென்றால் டேப்பை ஆஃப் செய்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மிச்சத்தை ட்ரெயின் ஸ்க்ரூவில் வடித்துவிடுங்கள். கிண்ணத்தில் காய்ந்த பெட்ரோல்தான் திரும்பி வந்ததும் பைலட் ஜெட்டை அடைக்கிறது. இரும்பு டேங்கை நிறைத்து வையுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் இருக்கும் தம்பியிடம் "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை" என்று சொல்லிவிட்டுப் போனால், அவன் இரண்டு நிமிஷம் உறுமவிட்டு அணைப்பான், கிண்ணம் மறுபடி நிறைந்தே நிற்கும்.