மெம்பிரேனுக்கு விட முதல் கடல் தண்ணிய களிமண்ணால சுத்தமாக்கலாம்

தண்ணி சுத்திகரிப்பு வேலையில இருக்கிறதால கல்லடி, காத்தான்குடி, அங்கால கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் போனா சனம் என்னட்ட கேக்கிறது, கடல் தண்ணிய உப்பு நீக்கி நல்ல தண்ணியாக்கிற ஆர்.ஓ பிளாண்ட் போட எவ்வளவு காசு முடியும் எண்டுதான். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறெல்லாம் உப்பானத கண்ட ஆக்கள், கேக்கத்தான் செய்வாங்க. ஆனா அதில உப்ப வடிக்கிற மெல்லிய சவ்வான மெம்பிரேனுக்கு முன்னுக்கு, அழுக்க எடுக்க என்ன வைக்கப்போறம் எண்டு யாரும் கேக்கிறல்ல, எனக்கு அதுதான் பெரிய கவலை.

கடல் தண்ணியில லீட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு, 55 தொடக்கம் 70 பார் பிரசர் குடுத்துத்தான் அத பிரிக்கிறம். உப்ப மெம்பிரேன் பாத்துக்கொள்ளும். அத பழுதாக்கிறது மண்டி, பாசி, பிறகு இலைதழை அழுகி வாற ஹியூமிக் பொருள். மாரியில முகத்துவாரம் வெட்டி விட்டா மட்டக்களப்பு வாவித் தண்ணி கலங்கிப்போய் கடலுக்குள்ள இறங்கும் தானே, அந்தத் தண்ணிய பம்ப் இழுத்தா மெம்பிரேன்ல படை படிஞ்சு, பிரசர் ஏறி, கரண்ட் பில்லும் ஏறி, கடைசியா மெம்பிரேனையே மாத்த வேண்டி வரும்.

வழமையா பெரிக் குளோரைட் எண்ட இரும்பு உப்பப் போட்டு அழுக்க திரள வச்சு பில்டர் பண்ணுவாங்க. களிமண் கலவை இன்னொரு வழி. பென்டனைட் களிக்கு அழுக்கு ஒட்ட ஒரு கிராமுக்கே பல நூறு சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கு, ஆனா அதுவும் நெகடிவ் சார்ஜ், ஹியூமிக்கும் நெகடிவ், ரெண்டும் சரியா ஒட்டாது. அதனால பொலிடாட்மாக் மாதிரி பொசிடிவ் பொலிமர களியில ஏத்தி, குறுணியாக்கி, பில்டர் கொலம்ல நிரப்புறாங்க. றால் கோதுல எடுக்கிற கைட்டோசானும் பாவிக்கலாம், ஆனா கடல் தண்ணிட பிஎச் 8 பக்கம், அதில அதுட சார்ஜ் குறைஞ்சிடும்.

ஊர்க் களிய காயவச்சு அப்படியே கொட்டினா சரிவராது, அந்தக் களியே போய் மெம்பிரேன அடைச்சிடும். பொலிமர் கழண்டு வந்தாலும் அதே கதைதான், மெம்பிரேனும் நெகடிவ், கெட்டியா ஒட்டிக்கொள்ளும். இன்னொண்டு, இந்தக் களி உப்ப எடுக்காது, அழுக்கத்தான் எடுக்கும்.

பிளாண்ட் போட்டுத்தாறம் எண்டு வாறவங்கள்ட்ட எஸ்.டி.ஐ ரிப்போட் கேளுங்க. 0.45 மைக்ரோன் பில்டரால தண்ணிய விட்டு 15 நிமிசத்தில அது எவ்வளவு அடைபடுது எண்டு பாக்கிற டெஸ்ட் அது, 5க்கு கீழ வரணும், 3க்கு கீழ எண்டா நல்லம். பங்குனி சித்திரையில தெளிஞ்ச கடல்ல எடுத்த ரிப்போட்ட காட்டினா ஒத்துக்கொள்ளாதீங்க, மார்கழித் தண்ணிக்கு எடுத்தத கேளுங்க. பில்டர கழுவி வாற மண்டிய எங்க கொட்டப்போறாங்க எண்டும் கேளுங்க, வாவிக்குள்ள விட ஏலாது.