வேலை முடிஞ்சு போறதுக்கு வேற வீடு இல்ல

திருகோணமலையில நான் உளவளத்துணை வேலை செய்யத் தொடங்கி 13 வருஷமாச்சு. குடும்பச் சண்டை, குடி, கடன், ஏ.எல் சோதனைப் பயம், இதுகள்தான் எங்கட அன்றாடச் சாப்பாடு. ஆனா 2022ல பெற்றோல் கியூவில நிண்ட காலத்துக்குப் பிறகு புதுசா ஒரு கூட்டம் வரத் தொடங்கிச்சு, வெளிநாட்டில ஒரு வருஷம் முழுநேர வொலண்டியரா போற பிள்ளைகள். போகப்போறவங்க ரெஃபரன்ஸ் லெட்டர் கேட்டு சிரிச்சுக்கொண்டு வாறாங்க, போய்ட்டு வந்தவங்க வாயத் திறக்க ஒரு மாசம் எடுக்குது. இந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல என்ன நடக்குது எண்டுதான் எழுதுறன். ஆக்களையும் ஊரையும் மாத்தி, ரெண்டு மூண்டு பேரின்ட கதைய ஒண்டாக்கித்தான் சொல்லுறன், ஆரெண்டு தேடாதீங்க.

அவங்களுக்கு வாற கடிதத்தில தங்கியிருந்து செய்யிற சேவை எண்டு ஒரு வரி இருக்கும். வீட்டில எல்லாரும் அத சந்தோசமா வாசிப்பாங்க, தங்க இடம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, கைச்செலவுக்கும் ஏதோ தருவாங்க எண்டு. சரிதான். ஆனா அந்த வரிக்கு மற்றப் பக்கம் ஒண்டு இருக்கு, நீங்க பாக்கப்போற ஆக்கள்ட வீடுதான் உங்கட வீடு. கேம்ப்ஹில் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க, ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவில இருந்து ஓடிவந்த கார்ல் கோனிக் எண்ட டொக்டர் 1940ல ஸ்கொட்லாந்தில அபர்டீனுக்குப் பக்கத்தில தொடங்கினது. விசேட தேவையுள்ள ஆக்களும் உதவி செய்யிறவங்களும் ஒரே வீட்டில ஒரே மேசையில சாப்பிட்டு வாழுறதுதான் அவங்கட யோசனையே. கேக்க வடிவாத்தான் இருக்கு, ஆனா காலையில ஏழு மணிக்கு ஒரு பெரிய ஆளை எழுப்பி குளிக்க வாத்து சாப்பாடு குடுத்து, தோட்டத்துக்கோ தச்சுப் பட்டறைக்கோ கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் சமையலுக்கு நிண்டு, ராத்திரி மருந்து குடுத்து படுக்க வச்சிட்டு நீங்க போய்ப் படுக்கிற கட்டில் அதே வீட்டு மேல்மாடியிலதான் இருக்கும், அவர் ரெண்டு மணிக்கு எழும்பிக் கத்தினா உங்களுக்குக் கேக்கும், அண்டைக்கு உங்கட டியூட்டி இல்லாட்டிலும் கேக்கும்.

போய்ட்டு வந்தவங்க களைச்சது வேலையால எண்டு நான் முதல்ல நினைச்சன். இல்ல. வேலை முடிஞ்சு எண்ட ஒரு நேரம் இல்லாததாலதான். இங்க ஒரு ஆசிரியரோ தாதியோ எவ்வளவு களைச்சாலும் பஸ்ஸில ஏறினா முகம் மாறிடும், அந்த பஸ் அங்க இல்ல. அதால நான் சொல்லுறது, லீவு நாளில றூமுக்குள்ள போர்வைய மூடிக்கொண்டு கிடக்காதீங்க, கதவ ஆரோ தட்டுவாங்க, அல்லது தட்டுவாங்க எண்டு காத்துக்கொண்டு கிடப்பீங்க, ரெண்டும் ஒண்டுதான். வெளிக்கிட்டு எங்கயாவது போங்க, லைப்ரரியில சும்மா இருந்தாலும் பரவாயில்ல. ஜெர்மனியில எஃப்.எஸ்.ஜே, பி.எஃப்.டி எண்டு அரசாங்கச் சட்டத்துக்குக் கீழ நடக்கிற வொலண்டியர் திட்டங்கள்ல சில இடங்கள்ல தனி ஃப்ளட்டோ ஹொஸ்டலோ தருவாங்க, வருஷத்துக்கு 25 நாள் செமினாரும் இருக்கு, அங்க மற்ற வொலண்டியர்மாரோட இருந்து மூச்சு விடலாம். இன்டர்வியூவில நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி பொக்கெட் மணி எவ்வளவு எண்டு இல்ல, நான் படுக்கிற இடம் எங்க, கதவுக்குப் பூட்டு இருக்கா எண்டுதான்.

பிறகு உடம்பு வேலை. பல்லுத் தீட்டி விடுறது, பேம்பர்ஸ் மாத்துறது, கழுவி விடுறது. ஒரு பெடியன், வீட்டில ஒரு கோப்பை கழுவினதில்ல, தாய்க்கு ஒரே செல்லம், போய் ரெண்டாம் கிழமை டொய்லட் கழுவ விட்டிருக்கிறாங்க. தாயிட்ட ஹொஸ்பிட்டல் வேலை எண்டு சொல்லிட்டான். தாய் அத கோயில்ல சொல்லி, கோயில்ல இருந்து ஊர் முழுக்கப் போய், இவன் பத்து மாசம் அந்தப் பொய்யக் காப்பாத்துறதுக்கே வட்ஸ்அப்பில வீடியோ கோல் எடுக்காம இருந்திருக்கிறான். டொய்லட் கழுவினது அவனுக்கு மூண்டு நாளில பழகிட்டுது, பொய்தான் பழகல்ல. எங்கட ஆக்களுக்கு இந்த வேலையில சாதியும் வந்து ஒட்டிக்கொள்ளும், வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா தகப்பன்மார் என்னட்ட கேக்கிற கேள்வியில எனக்கு விளங்கும். அதால போக முந்தியே வீட்டில இருத்தி வச்சு, இன்ன இன்ன வேலைதான் செய்யப்போறன் எண்டு சொல்லிட்டுப் போங்க. கிண்ணியாவில இருந்து வாற பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுறன், தொழுகை நேரம், ஹலால் சாப்பாடு, வீட்டில நாய் இருக்கா, ஆம்பிளைகளைக் குளிப்பாட்டச் சொல்லுவாங்களா, எல்லாத்தையும் போக முந்தி கேளுங்க, கேட்டா தப்பா நினைப்பாங்க எண்டு வெக்கப்படாதீங்க.

வலிப்பும் பாப்பீங்க. இங்க வலிப்பு வந்தா சாவிக்கொத்தக் கையில திணிக்கிறவங்க இன்னும் இருக்கிறாங்க. அங்க வேற மாதிரி சொல்லித் தருவாங்க, வாய்க்குள்ள ஒண்டும் வைக்காம, பக்கத்தில இருக்கிற சாமானுகள அகத்திட்டு மணிக்கூட்டப் பாக்கணும், வலிப்பு நிண்டதும் ஆளைச் சரிச்சுப் படுக்க வைக்கணும், அஞ்சு நிமிஷம் தாண்டினா அம்புலன்ஸ். பயிற்சி தராம உங்களத் தனிய ஒரு ஆளோட விட்டா, ஏலாது எண்டு சொல்லுற உரிமை உங்களுக்கு இருக்கு. நீங்க வந்திருக்கிறது சேவைக்குத்தான், நன்றிக்கடன் தீக்க இல்ல.

காசுக் கதைய கெதியா முடிக்கிறன். இங்கிலாந்துக்குப் போற விசா சரிட்டி வேர்க்கர் விசா, ஆகக்கூட 12 மாசம், சம்பளம் வாங்கேலாது, அதுல போய் நிரந்தர வேலை எடுக்கவும் ஏலாது. அங்கத்த வைத்தியத்துக்கெண்டு விசாவோட கட்டுற ஹெல்த் சார்ஜ் வருஷத்துக்கு 1,035 பவுண் தனியா இருக்கு, அத ஆர் கட்டுறது எண்டு முதலே எழுத்தில வாங்குங்க. ஸ்பொன்சர் லைசன்ஸ், அதாவது வெளிநாட்டு ஆக்கள எடுக்கிற அனுமதி, உள்ள இடங்கள்ட பட்டியல இங்கிலாந்து அரசாங்கம் சும்மாவே நெட்டில போட்டிருக்கு, பேரத் தேடிப் பாக்கலாம். போன வருஷம் ஒரு குடும்பம் தாலிக்கொடி மட்டும் மிச்சம், மற்ற நகை எல்லாத்தையும் ஈடு வச்சு ஒரு புரோக்கருக்குக் குடுத்திட்டுத்தான் என்னட்ட வந்தது. பொக்கெட் மணியில அந்த வட்டியக்கூடக் கட்டேலாது எண்டு நான் கணக்குப் போட்டுக் காட்டேக்க அந்தத் தகப்பன் என்னோட கோவிச்சுக்கொண்டு போய்ட்டார், இப்பவும் சந்தையில கண்டா கதைக்க மாட்டார்.

குளிரப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, இருட்டப் பத்தித்தான் ஒருத்தரும் சொல்றதில்ல. டிசம்பர்ல அபர்டீன்ல மூண்டரை மணிக்கே சூரியன் விழுந்திடும். வருஷம் முழுக்க ஆறு மணிக்கு கடலுக்கு மேல வெளிச்சத்தப் பாத்து வளந்த பிள்ளைக்கு அது உடம்புக்குள்ள என்னமோ செய்யும், நித்திரை கூடும், சோறு சோறு எண்டு மனம் அலையும். பின்னேர வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு அம்மாவோட கதைப்பம் எண்டா இங்க ராத்திரி பதினொண்டரை. அம்மா முழிச்சிருப்பா. அந்த நித்திரை கெட்ட அம்மாமாரும் என்னட்ட வாறாங்க எண்டதையும் சொல்லிடணும்.

இதவிட நான் எதிர்பாராத ஒண்டு நடந்தது. மூதூர் கிழக்குப் பக்கத்துப் பிள்ளை, 2006ல சண்டையால இடம்பெயரேக்க ஆறு வயசு, ஜெர்மனிக்குப் போனவ. டிசம்பர் 31 ராத்திரி அங்க வீட்டுக்கு வீடு வெடி கொளுத்துவாங்க, தெரு முழுக்கப் புகை. இவ கட்டிலுக்குக் கீழ போய்ட்டா. சுவாரஸ்யம் என்னண்டா, அதே வீட்டில இருந்த ஒரு வயசான அம்மாவும் சத்தத்துக்குப் பயந்து மேசைக்குக் கீழ போய்ட்டாவாம், பிறகு ரெண்டு பேரும் சமையலறை நிலத்தில இருந்து விடிய விடிய பாண் சாப்பிட்டிருக்கிறாங்க. இவ சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா, கை மட்டும் நடுங்கிச்சு. இப்ப நான் ரெஃபரன்ஸ் எழுத முந்தி, சத்தத்துக்கு எப்படி எண்டு ஒருக்கா கேக்கிறன்.

நல்ல மனுசங்கள்ட இடம் எண்டா பாதுகாப்பு எண்டும் நினைக்காதீங்க. லார்ஷ் எண்ட அமைப்பும் கேம்ப்ஹில் மாதிரி விசேட தேவையுள்ள ஆக்களோட ஒரே வீட்டில வாழுறதுதான், 1964ல ஃப்ரான்ஸ்ல தொடங்கினது, தொடக்கின ஜான் வனியேய உலகமே புனிதர் மாதிரிப் பாத்தது, அவர் செத்த பிறகு 2020ல அந்த அமைப்பே அறிக்கை விட்டது, அவர் பெண்களப் பாலியல் ரீதியா துஷ்பிரயோகம் செஞ்சிருக்கிறார் எண்டு. மறைக்காமச் சொன்னத நான் மதிக்கிறன். ஆனா ஒரு பிரச்சினை வந்தா வீட்டுப் பொறுப்பாளரத் தாண்டி ஆரிட்ட போறது எண்டு முதல் நாளே கேட்டு நம்பர எழுதி வையுங்க.

வருஷம் முடிஞ்சு அங்க இருந்து வெளிக்கிடுறதுக்கும் ஆயத்தம் வேணும். சுனாமிக்குப் பிறகு நிலாவெளிப் பக்கம் எத்தனை வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து எங்கட பிள்ளைகளோட விளையாடிட்டுப் போனாங்க. போன பிறகு கேற்றடியில நிண்ட பிள்ளைகள எனக்குத் தெரியும். இப்ப நாங்க மற்றப் பக்கம், வருஷா வருஷம் ஒரு முகம் மாறுற வீட்டுக்குப் போறம். அதால மூண்டு மாசத்துக்கு முந்தியே கலண்டர் ஒண்ட மாட்டி நாள் வெட்டச் சொல்லிக் குடுங்க எண்டு சொல்லுவன். அந்த ஹொஸ்பிட்டல் பொய் சொன்ன பெடியன் அப்படித்தான் செஞ்சவன். அவன் பாத்துக்கொண்ட ஆளுக்குக் கதைக்க வராது, ஆனா நாள் வெட்டுறதில படு மும்முரம். கடைசி நாளையும் வெட்டிப்போட்டு, அவர் பக்கத்தத் திருப்பி அடுத்த மாசத்தையும் முழுசா வெட்டிட்டாராம். இவன் வெளிக்கிட முந்தி கடைக்கு ஓடிப்போய் இன்னொரு கலண்டர் வாங்கி, புதுசா வந்த கொலம்பியாப் பிள்ளையிட்ட குடுத்து, ஆணி எங்க இருக்கெண்டு காட்டிட்டுத்தான் எயார்போட் பஸ்ஸுக்குப் போனவன்.