'மிதமான மழை'ன்னா எத்தனை மில்லி மீட்டர்?

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் வேளாண்மை அலுவலராக இருப்பவருக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "சார், மழ உண்டா?" கேட்பவர் டிவி பார்க்காதவர் இல்லை. 'தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்' என்பதைக் கேட்டுவிட்டுத்தான் போன் போடுகிறார். கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. காரணம், அந்த வாக்கியத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு எண் இருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு இது. 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. முதல் 15.5 மி.மீ. வரை பெய்தால் லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் எல்லாமே அதி கனமழை. 2.5 மி.மீ. கூடப் பெய்யாத நாளை மழை நாள் என்றே சேர்ப்பதில்லை.

இந்த வரிசையில் எனக்கு அதிகம் வேலை வைக்கும் சொல் 'கன' இல்லை, 'மிதமான'. 16 மி.மீ.யும் மிதமான மழைதான், 64 மி.மீ.யும் மிதமான மழைதான். கரிசல் காட்டில் இரண்டும் வேறு வேறு சங்கதி. முன்னது விதைத்தவனைத் தவிக்க விடும். பின்னது தாழ்வான காட்டில் தண்ணீரை நிறுத்திவிடும்.

மானாவாரியில் இங்கே உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் பருவமழைக்கு முன்னாடியே புழுதியில் விதைத்துவிடுவதுதான் வழக்கம். அப்படி விதைக்கும்போது விதை சுமார் 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மேலோட்டமாக விழுந்த விதை ஒரு சின்னத் தூறலுக்கே முளைத்துவிடும். அடுத்த மழை பத்து நாள் தள்ளிப் போனால் முளைத்தது காட்டிலேயே கருகும். ஆழத்தில் கிடக்கும் விதை, ஈரம் தன்னிடம் வந்து சேரும் அளவுக்கு மழை பெய்தால்தான் கண் விழிக்கும். 'லேசான மழை' என்ற அறிவிப்பை நம்பி, அது பெய்த மறுநாளே ஈரம் கிடைத்துவிட்டது என்று மேலாக விதைக்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். விதைக்காசு இரண்டாவது தடவையும் போகிறது.

வயசான சம்சாரிகளுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அவர்கள் மழையை வானத்தில் அளப்பதில்லை, மண்ணில் அளக்கிறார்கள். மழை வெறித்த மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போய்க் காட்டின் நடுவில் ஒரு வெட்டு வெட்டி, ஈர மண்ணுக்கும் புழுதிக்கும் நடுவே இருக்கும் கோட்டைப் பார்ப்பார்கள். "நாலு விரக்கடதான் எறங்கியிருக்கு, இது காணாது" என்பார் ஒருவர். "ஒரு சாண் ஈரம் இருக்கு, ஒழவு மழதான்" என்பார் இன்னொருவர். வரப்பு ஓரத்தில் வெட்டிப் பார்க்க மாட்டார்கள். அங்கே தண்ணீர் தேங்கி ஈரம் கூடுதலாகத் தெரியும். வானிலை அறிக்கையில் இல்லாத ஒரு விஷயமும் அவர்கள் பேச்சில் இருக்கிறது: மழை எவ்வளவு நேரம் பெய்தது என்பது. 'அடிச்சிட்டுப் போயிட்டு' என்றால் அரை மணி நேரத்தில் கொட்டி ஓடிய மழை. 'நின்னு பேஞ்சுது' என்றால் ராத்திரி முழுக்க நிதானமாகப் பெய்தது. மழைமானியில் இரண்டும் 40 மி.மீ. என்று ஒரே மாதிரி பதிவாகும். ஆனால் கரிசல் மண், வெடிப்பு மூடி ஊறிய பிறகு தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே விடும். அடித்த மழையில் பாதி ஓடைக்குப் போய்விடும். ஆகவே, மழை பெய்தது என்று போனில் சொல்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது "எவ்வளவு?" என்பதைவிட "எவ்வளவு நேரம், அண்ணாச்சி?" என்பதைத்தான்.

அடுத்தது 'ஓரிரு இடங்களில்'. இதைக் கேட்டதும் "நம்ம ஊரு அந்த ஓரிரு இடத்துல உண்டா?" என்பார்கள், சிரித்துக்கொண்டேதான். அந்தப் பரப்பில் இருக்கும் மழை பதிவு நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பெய்யும் என்பதுதான் அதன் பொருள். 'சில இடங்களில்' என்றால் 50 சதவீதம் வரை, 'பல இடங்களில்' என்றால் 75 வரை, 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிவிப்பை வைத்துக்கொண்டு மருந்து அடிப்பதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் 'பெரும்பாலான இடங்களில் மிதமான மழை' என்ற அறிவிப்பு நம் காட்டுக்கு அதைவிட நிச்சயமான செய்தி. அன்றைக்கு மக்காச்சோளப் படைப்புழுவுக்கு மருந்து அடித்தால் மருந்துக்காசு வாய்க்காலில் போகும். முதலில் இடத்தைச் சொல்லும் சொல்லைக் கேளுங்கள், அப்புறம் அளவைச் சொல்லும் சொல்லைக் கேளுங்கள்.

பேப்பரில் வரும் மழை அளவு, முந்தின நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. திங்கள் ராத்திரி பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில்தான் ஏறும். வட்டாட்சியர் அலுவலகத்து மழைமானிக்கும் உங்கள் காட்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் இருக்கலாம் என்பதால், நேர்ச்சுவர் கொண்ட ஒரு டப்பாவை மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் வைத்து, காலையில் ஸ்கேலை விட்டுப் பாருங்கள். அடிமட்டம் சமமாக இருந்தால் போதும், டப்பாவின் வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டே இல்லை. 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 1 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டருக்கும் மேல்.

'அதி கனமழை' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற சொற்களுக்கு மேல் எல்லை உண்டு, இதற்கு இல்லை. 21 செ.மீ. பெய்தாலும் அதே சொல்தான், 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 செ.மீ.க்கும் அதே சொல்தான். தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்க வாங்கும் சராசரி மழையைவிட அது அதிகம். அந்த மழையைக் கொண்டுவந்தது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலவிய ஒரு சுழற்சி. "புயல் இல்லல்லா, பயம் இல்ல" என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்து வந்தவை. மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல். மழையின் அளவுக்கும் இந்தப் படிவரிசைக்கும் நேர்ச் சம்பந்தம் கிடையாது.

(துறைமுகக் கூண்டு எண்ணிலும் இதே மயக்கம் உண்டு. 5, 6, 7 ஆகிய மூன்றும் அபாயத்தில் ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்பதைத்தான் அந்த எண்கள் பிரித்துச் சொல்கின்றன.)

நிற எச்சரிக்கை வந்த பிறகு பேச்சு சுருங்கிவிட்டது. "ரெட் அலர்ட் விட்டாங்கன்னா வெயில் அடிக்கும்" என்ற கேலி எல்லா டீக்கடையிலும் உண்டு. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள். மழை அளவோடு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்பதையும் சேர்த்துத்தான் நிறம் முடிவாகிறது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம். மாவட்டத்தின் ஒரு மூலையில் கொட்டி, உங்கள் ஊரில் வெயில் அடித்தால் எச்சரிக்கை பொய் ஆகிவிடாது. ஆரஞ்சு விழுந்த அன்றே வடிகாலைத் தூர்த்துக் கிடக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும்; சிவப்புக்குக் காத்திருந்தால் மழையில் நின்று வெட்ட வேண்டியிருக்கும்.

'இடி மின்னலுடன் கூடிய லேசான மழை' என்ற தொடரில் 'லேசான' மட்டும்தான் காதில் விழுகிறது. எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு வெட்டவெளி. ஆடு மேய்ப்பவருக்கு ஒதுங்கக் கிடைப்பது ஒற்றை வேப்பமரம்தான், அதுதான் ஆபத்தும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம், மழை விட்டிருந்தாலும் சரி. தாமினி செயலி போனில் இருந்தால் சுற்றுவட்டாரத்து மின்னலைக் காட்டும்.

'பருவம் தவறிய மழை' என்பது புலம்பலில் வரும் சொல்லாக மட்டும் இல்லை, பயிர்க் காப்பீட்டில் பணம் வாங்கித்தரும் சொல். வானிலைக் கணக்கில் வடகிழக்குப் பருவமழைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உளுந்தையும் பாசியையும் பிடுங்கிப் போட்டிருக்கும் தை மாதத்தில், 2021 ஜனவரியில் கொட்டியது போலக் கொட்டினால், நெற்று காட்டிலேயே முளைத்துவிடும். அறுத்துக் காயப் போட்ட விளைச்சல் 14 நாளுக்குள் இப்படி நனைந்து கெட்டால், பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு என்று பதிய இடம் உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும். 'மழையில் பயிர் போச்சு' என்று மட்டும் எழுதாதீர்கள். அறுத்த தேதி, மழை பெய்த தேதி, பயிர் நின்றிருந்ததா, அறுத்துக் கிடந்ததா என்பதை எழுதுங்கள். நனைந்த குவியலோடு சர்வே எண் தெரியும் இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குவியலைக் கிளறிக் காயவைப்பது அதற்கப்புறம்.