அந்தச் செவுத்த இடிக்கறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒருத்தர் கூப்பிட்டார், பதினாலாவது மாடி வீடு, ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்கற செவுத்த எடுத்துட்டா ஹால் பெருசாயிடும், "வெறும் செவுருதானே சார், பாரமெல்லாம் பில்லர்தானே தாங்குது?"ன்னு கேட்டார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா இருக்கறதால இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. பில்லர்தான் தாங்குதுங்கற நம்பிக்கை எங்கருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்றேன்.

ஒரு காலத்துல செவுருதான் கட்டடத்தையே தாங்குச்சு. மாடி ஏற ஏற கீழ செவுரு தடியாகிட்டே போகணும். சிகாகோல 1891ல கட்டி முடிச்ச மொனாட்நாக் பில்டிங் 16 மாடி, செங்கல் செவுரு, அடியில அதோட தடிமன் 6 அடி! வாடகைக்கு விடவேண்டிய இடத்த செவுரே தின்னுடும். ஆனா உயரமா கட்டாமலும் இருக்க முடியல, 1871 தீ விபத்துக்கு அப்புறம் ஊரையே திரும்பக் கட்டுறாங்க, நடு ஊருக்கு ஒரு பக்கம் ஏரி இன்னொரு பக்கம் ஆறு, மிச்சத்துக்கு ரயில் யார்டு, நிலத்தோட விலை ஏறிட்டே போகுது, போறதுன்னா மேலதான் போகணும். அத்தன மாடி யாரு ஏறி வருவாங்கங்கற கவலைய லிப்ட் தீர்த்துச்சு. 1854ல நியூயார்க்குல எலிஷா ஓட்டிஸ் லிப்ட் மேல நின்னுக்கிட்டு கயித்த வெட்டச் சொல்லி, அது விழாம பிரேக் பிடிச்சு நிக்கறத ஜனங்க முன்னாடியே காட்டினார்.

செவுரு பிரச்னைக்கு வழி இரும்புல கிடைச்சுது. 1885ல அதே சிகாகோல வில்லியம் லெ பரோன் ஜென்னிங்கற இன்ஜினியரோட ஹோம் இன்சூரன்ஸ் பில்டிங், 10 மாடி, அதுல பாரத்துல பெரும்பகுதிய பில்லரும் பீமும் சேந்த இரும்புச் சட்டமே வாங்கிக்கிச்சு. இந்த முறை பரவப் பரவ செவுரு வெறும் போர்வை மாதிரி ஆயிடுச்சு, பில்லர்தான் தாங்குதுங்கற நம்பிக்கை இங்கருந்து வந்ததுதான்.

ஆனா கத அங்க முடியல. உயரம் கூடக் கூட எடைய விட காத்துதான் பெரிய தலைவலி, பக்கவாட்டுல தள்ளும். அதத் தாங்க நிறைய அடுக்குமாடிகள்ல கான்கிரீட் செவுரு வச்சு கட்டறோம், ஷியர் வால்னு சொல்வோம், சில கட்டடத்துல பில்லரே கிடையாது, மேல் மாடிகளோட எடையும் அந்தச் செவுத்துலதான் இறங்குது. 1968ல லண்டன்ல ரோனன் பாயிண்ட்னு 22 மாடி குடியிருப்பு, 18வது மாடியில கேஸ் வெடிச்சு செவுத்துப் பலகைங்க வெளிய போனதும் அந்த மூலையே மேலருந்து கீழ வரைக்கும் சரிஞ்சுது, 4 பேர் செத்தாங்க. தயவுசெஞ்சு இத ஞாபகம் வச்சுக்கோங்க.

தட்டிப் பாத்து சத்தத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, பூச்சுக்கு மேல எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்டீரியர் பண்றவர் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாலும் எது பாரம் தாங்குதுன்னு காட்டற ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இல்லாம கை வைக்க விடாதீங்க. ஏசி பைப்புக்கு ஓட்ட போடறதுக்கும் இதேதான், பீம்லயோ கான்கிரீட் செவுத்துலயோ உள்ள இருக்கற கம்பிய அறுத்துடக்கூடாது.

போன மாசம் கூப்பிட்டவரோட டிராயிங்க வாங்கிப் பாத்தேன், கான்கிரீட் செவுரு, ரெண்டு முகத்துலயும் கம்பி. ஆளுங்க அதுக்குள்ள ஸ்விட்ச் பாக்ஸுக்காக ஒரு இடத்துல கம்பி தெரியற வரைக்கும் கொத்தி வச்சிருந்தாங்க, வேலைய நிறுத்தி, அத எப்படி அடைக்கணும்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.