அந்தக் காமா கதிர் எலக்ட்ரானின் வேலையா, புரோட்டானின் வேலையா?

"காமா கதிர் வரும் இடம்தான் தெரிந்துவிட்டதே, அதே இடத்தை எதற்கு எக்ஸ் கதிரில் மறுபடி பார்க்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

முதலில், விண்ணில் அது எங்கிருந்து வருகிறது என்பது அவ்வளவு துல்லியமாகத் தெரிவதில்லை. நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள், காமா கதிர் காற்றில் மோதும்போது உண்டாகும் துகள் மழையின் நீல ஒளியைப் படம்பிடித்து, அது வந்த திசையைக் கணக்கிடுகின்றன. அதில் சுமார் 0.1 டிகிரி மங்கல் இருக்கும். முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பால்வீதியின் நெரிசலில் அத்தனை இடத்துக்குள் சூப்பர்நோவா எச்சம் (வெடித்த விண்மீனின் மிச்சம்), பல்சர் (வேகமாகச் சுழன்று துடிப்பதுபோல் தெரியும் நியூட்ரான் விண்மீன்), வாயு மேகம் எல்லாமே இருக்கலாம். விண்வெளியில் உள்ள சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியோ அரை ஆர்க்செகண்ட் வரை (ஓர் ஆர்க்செகண்ட் டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) பிரித்துக் காட்டும். 2005இல் ஹெஸ் அறிவித்த ஜே1813-178 என்ற மூலம் ஓர் இளம் சூப்பர்நோவா எச்சத்தின் மேலேயே அமர்ந்திருந்தது. வெடிப்பின் அதிர்ச்சி அலைதான் காரணமோ என்று தோன்றியது. எக்ஸ் கதிரில் பார்த்தால் உள்ளே ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒளிமூட்டமும் இருந்தன. அந்தப் புள்ளி நொடிக்கு சுமார் 22 முறை துடிப்பதை 2009இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ் கதிர் தொலைநோக்கி காட்டியது. ஒரு பல்சர்!

சரி, இடம் தெரிந்தாயிற்று. அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சூப்பர்நோவா எச்சத்தின் அதிர்ச்சி அலை எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் முடுக்குகிறது. இரண்டாலும் காமா கதிரை உண்டாக்க முடியும். புரோட்டான் வாயுவில் மோதினால் பையான் என்ற குறுகிய ஆயுள் துகள் பிறந்து, அது சிதைந்து காமா கதிராகும். எலக்ட்ரான் வேறு வழியில் செய்கிறது: பெருவெடிப்பின் மிச்சமாக அண்டம் முழுக்க நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணி ஒளியின் சோம்பலான ஃபோட்டான் ஒன்றை, வீசிய மட்டை பந்தை அடிப்பதுபோல் அடித்து, காமா கதிராக்கி அனுப்புகிறது. நமக்கு வந்து சேரும் கதிரைப் பார்த்து எது யாருடைய வேலை என்று சொல்வது கடினம்.

ஆனால் அந்த எலக்ட்ரானால் சும்மா இருக்க முடியாது. காந்தப்புலத்தில் அது வளைந்தே ஆகவேண்டும். வளையும்போது ஒளியை உமிழும்; இதற்கு சிங்க்ரோட்ரான் ஒளி என்று பெயர். 100 டெரா (100 லட்சம் கோடி) எலக்ட்ரான்வோல்ட் அளவு ஆற்றல் இருந்தால் அந்த ஒளி எக்ஸ் கதிராக வரும். ஏறத்தாழ ஒரே கூட்டத்து எலக்ட்ரான்கள்தான் இரண்டு ஒளிகளையும் தருகின்றன. நுண்ணலைப் பின்னணி எங்கும் ஒரே அளவு, கன சென்டிமீட்டருக்கு சுமார் 410 ஃபோட்டான்கள். அதனால் எக்ஸ் கதிர் ஆற்றலை காமா ஆற்றலால் வகுத்தால், எத்தனை எலக்ட்ரான்கள் என்ற தெரியாத எண் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது காந்தப்புலம் மட்டும்! புலம் இரட்டித்தால் விகிதம் நான்கு மடங்காகும். புலம் சுமார் 3 மைக்ரோகாஸ் (காஸ் என்ற காந்தப்புல அலகில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு) என்றால் இரண்டு ஒளிகளும் சரிசமம். யாருமே போய்த் தொட முடியாத ஒரு காந்தப்புலத்தை ஒரே ஒரு வகுத்தலில் அளந்துவிடுவது எவ்வளவு அழகு!

காமா முழுவதும் எலக்ட்ரானின் வேலை என்று வைத்துக்கொண்டால் வரும் புலம் இது. உண்மைப் புலம் இதைவிட வலுவானது என்று வேறு வழியில் தெரிந்தால், அதே எக்ஸ் கதிருக்கு இன்னும் குறைவான எலக்ட்ரான்களே போதும். அவை தரும் காமா போதாது. மீதிக்கு புரோட்டானைத் தேட வேண்டியதுதான்.

ஆர்எக்ஸ் ஜே1713.7-3946 எச்சத்தில் இது நடந்தது. அங்கே சில எக்ஸ் கதிர்த் திட்டுகள் ஓராண்டு அளவிலேயே பிரகாசமாகி மங்குவதை 2007இல் கண்டார்கள். எலக்ட்ரான்கள் அவ்வளவு விரைவில் ஆற்றலை இழக்க வேண்டுமென்றால் மில்லிகாஸ் (ஆயிரம் மைக்ரோகாஸ்) அளவு புலம் தேவை. 10 மைக்ரோகாஸ் புலத்தில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். புரோட்டான் பக்கம் தராசு சாய்ந்தது. ஆனால் 2011இல் ஃபெர்மி செயற்கைக்கோள் அளந்த காமா நிறமாலை எலக்ட்ரானுக்கே சாதகமாக வந்தது.

ஆண்டுகள் கழித்து அதே திட்டை மறுபடி படம்பிடிக்க, பழைய தொலைநோக்கி உயிரோடு இருக்கவேண்டும். 1999இல் ஏவப்பட்ட சந்திராவின் நிதியைக் கடுமையாகக் குறைக்க 2024இல் நாசா முன்மொழிந்தபோது எனக்குக் கோபமே வந்தது. அதன் கூர்மைக்கு ஈடான இன்னொரு எக்ஸ் கதிர்க் கருவி இன்று விண்வெளியில் இல்லை.

ஆர்எக்ஸ் ஜே1713.7-3946 எச்சத்தில் எக்ஸ் கதிர் இன்னொரு சாட்சியும் சொல்கிறது. புரோட்டான்கள் மோத நிறைய வாயு இருந்தால், அதிர்ச்சி அலையில் அது சூடாகி வெப்ப எக்ஸ் கதிர் நிறமாலை வரிகளை (குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும் பளிச்சிடும் ஒளியை) தரவேண்டும். அவையோ மிக மிக மங்கல். வாயு அடர்ந்த கட்டிகளாக இருந்தால் அதிர்ச்சி அலை உள்ளே நுழையும்போது வேகம் குறைந்துவிடும், கட்டி சூடாகாது. ஆனால் வேகமான புரோட்டான்கள் உள்ளே புகுந்துவிடும் என்று புரோட்டான் தரப்பினர் பதில் சொல்கிறார்கள்.