பேட்டரி கேட்காத ஜெனிட்-ஈ

ஜெனிட்-ஈ என்ற பழைய ஃபிலிம் கேமராவில் பேட்டரி போடும் இடத்தைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆனால் லென்ஸுக்கு மேலே, கேமராவின் நெற்றியில், புடைப்புப் புடைப்பாக ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். அதை ஜன்னல் பக்கம் திருப்பினால் மேல்தட்டில் உள்ள முள் நகரும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது செலினியம். வெளிச்சம் பட்டால் அதிலேயே சிறிதளவு மின்சாரம் பிறக்கும். காந்தத்துக்கு நடுவே உள்ள மெல்லிய கம்பிச்சுருளில் அது ஓடி முள்ளைத் திருப்பும். வட்டத்தைச் சுழற்றி முள்ளோடு பொருத்தினால், எந்த அபெர்ச்சருக்கு (லென்ஸின் துளை அளவு) எந்த ஷட்டர் வேகம் (ஃபிலிமில் வெளிச்சம் படும் நேரம்) என்று தெரியும். அதைப் பார்த்து நாம்தான் கையால் வைக்க வேண்டும். இந்த வெளிச்ச மீட்டருக்கும் ஷட்டருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதைக் குறை என்பார்கள். எனக்கு வசதியாகத்தான் படுகிறது: செலினியம் வயதாகிச் சோர்ந்தாலும் கேமரா பாட்டுக்குப் படம் எடுக்கும்.

மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் 1965-இல் தொடங்கிய தயாரிப்பு இது. அந்த ஆலை மட்டுமே 30 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது.

ஷட்டர்தான் இதில் அழகு. ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு துணித் திரைகள், ஸ்பிரிங் இழுக்க, பக்கவாட்டில் ஓடுகின்றன. எந்த வேகம் வைத்தாலும் திரைகள் ஓடும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டாவது திரை எவ்வளவு தாமதமாகக் கிளம்புகிறது என்பதே கணக்கு. 1/30 நொடி வைத்தால் முதல் திரை முழுக்க ஒதுங்கிய பிறகே அடுத்தது புறப்படும். 1/500-இல் அது காலை மிதிக்கிற மாதிரி பின்னாலேயே வரும். சில மில்லிமீட்டர் இடுக்கு மட்டும் ஃபிலிமைத் தடவிக்கொண்டு போகும். ஃபிளாஷ் ஒரு கணம்தான் மின்னும், அப்போது ஃபிலிம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்; அதனால்தான் ஃபிளாஷுக்கு 1/30. அவசரத்தில் 1/500 வைத்து ஃபிளாஷ் அடித்தால், படத்தில் ஒரு கீற்று மட்டும் பளிச்சென்று இருக்கும், மிச்சமெல்லாம் இருட்டு.

இதோடு வரும் ஹீலியோஸ் 44-2 லென்ஸில் (58 மி.மீ., எஃப்/2) அபெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப்/8 என்ற சிறிய துளையை எல்லையாக வைத்துவிட்டு, மற்றதை முழுக்கத் திறந்து, வெளிச்சமான வியூஃபைண்டரில் ஃபோகஸ் செய்ய வேண்டும். அப்புறம் அந்த வளையத்தை முட்டும்வரை திருப்பினால் எஃப்/8. காட்சி மங்கும், உடனே கிளிக். திருப்ப மறந்தால் படம் வெளுத்துவிடும்.

இன்னொன்று: ஃபிலிமில் பதிவது 24×36 மி.மீ., வியூஃபைண்டர் காட்டுவதோ 20×28. கழுவிப் பார்க்கும்போது, ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஆள் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.